கொழுந்தனார் தூக்கிப் போடச் சொன்ன மிஷின்

இன்னைக்குக் காலையில புல்லு வெட்டுற மிஷினோட கயித்தை இழுத்து இழுத்து எனக்குத் தோளு கழண்டதுதான் மிச்சம். அது உறுமவே இல்ல.

நாளைக்கு ஊர்க் கோயில்ல பங்குனிப் பொங்கல், வாணம் விடுவாக. எங்க வைக்கப்படப்பைச் சுத்திக் காஞ்ச புல்லு நிக்குது. ஒரு பொறி விழுந்தா மாட்டுக்கு வருசத் தீவனமே போச்சு.

வேடிக்கை பார்க்க வந்த கொழுந்தனார் சொன்னாரு, "மிஷினுக்கு வயசாயிருச்சு மதினி. தூக்கிப் போடுங்க."

என் கல்யாணத்துல பாயசம் பத்தலைன்னு பந்தியில இருந்து எந்திரிச்சுப் போன ஆளு இவரு.

டேங்கைத் திறந்து மோந்து பார்த்தேன். வார்னிஷ் வாடை அடிச்சது.

"ஐப்பசியில இரவல் வாங்கிட்டுப் போனீகளே, அப்ப நீங்க ஊத்துன பெட்ரோலு இன்னும் உள்ளயே கெடக்கு."

"பெட்ரோலு என்ன பாலா மதினி, கெட்டுப் போக?"

அந்தப் பழைய பெட்ரோலைக் கொட்டினேன். கார்பரேட்டரைக் கழுவி, ஆயில் கலந்த புதுப் பெட்ரோலை ஊத்தி இழுத்தேன். பிடிச்சிருச்சு. ஆனா ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு நிக்காமச் சுத்துது.

"கார்பரேட்டர்ல இருக்குற இந்த ஸ்க்ரூவை யாரு இம்புட்டு முறுக்குனது?"

"வேகமா ஓடட்டுமேன்னு நாந்தான்..."

இஞ்சின் அணையாம, பிளேடு மட்டும் நிக்கிற அளவுக்கு அதைத் தளர்த்தினேன். பொழுது சாயுறதுக்குள்ள படப்பைச் சுத்தி ஒரு புல்லு நிக்கல.

இப்ப அவரு எங்க வாசல்ல நிக்காரு. பொங்கல் முடிஞ்சதும் அவரு தோட்டத்துக்கு மிஷின் வேணுமாம்.

கொடுக்கலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. கொடுக்கப் போறதில்ல, சும்மாதான் கேக்கேன்.