கார்னிவலில் கண்ட ஆள்

லண்டனில், டூட்டிங்கில் நாங்கள் இருந்த வீட்டில் எல்லோரும் கிறிஸ்மஸ் லீவுக்குத்தான் அடிபடுவோம். ஆனந்தராஜா அண்ணை மட்டும் கேட்கமாட்டார். புதுவருசம், பொங்கல், தீபாவளி எல்லாவற்றுக்கும் பெற்றோல் செட்டின் கண்ணாடிக்குப் பின்னால் அவர்தான் இருப்பார். அவருக்கு வேண்டியது ஓகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை மட்டும். அன்றைக்கு ஷிப்ட் போட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று மனேஜரிடம் சொல்லியிருந்தார். வேலையிடத்தில் அவர் குரலை உயர்த்தியதாக நான் கேள்விப்பட்டது அந்த ஒரு விசயத்துக்குத்தான்.

அந்தத் திங்கட்கிழமை நொட்டிங் ஹில்லில் கார்னிவல் நடக்கும். கரீபியன் தீவுகளிலிருந்து வந்த சனம் இரண்டு நாளைக்கு அந்தத் தெருக்களைத் தங்களுடையதாக்கிக்கொள்ளும். அண்ணை காலையிலேயே முழுகி, சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, பாணும் சம்பலும் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆடுகிற ஆள் இல்லை. பாட்டுக் கேட்கிற ஆளும் இல்லை. லாட்ப்ரோக் க்ரோவில், மேம்பாலத்துக்குக் கீழே ஒரு தூணோடு நின்று, போகிற முகங்களை எல்லாம் பார்த்துவிட்டுப் பொழுதுபட வருவார். நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் வருசம், "அண்ணை அங்கை ஒராளை வைச்சிருக்கிறார்" என்று பெடியள் பகிடி பண்ணினார்கள்.

"ஓம், வைச்சிருக்கிறன்" என்றார் அவர், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு.

விசயத்தை எனக்குப் பிறகு சொன்னது இராஜேந்திரன். முன்னர் அதே வீட்டில் இருந்து, அண்ணையோடு அதே பெற்றோல் செட்டில் வேலை செய்து, இப்போது ஈஸ்ட் ஹாமில் மினிகாப் டாக்சி ஓடுகிறவர்.

அண்ணைக்கு ஒரு தம்பி. பெயர் பாலேந்திரா. கலியாணம் கட்டிய வருசமே, எண்பத்தாறில், ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி மொஸ்கோ வழியாகப் பெர்லினுக்கு வந்து சேர்ந்தான். அங்கிருந்து ஒரு குளிர்காலத்தில் தொலைபேசியில் அண்ணையைக் கூப்பிட்டு, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்டான். அண்ணையின் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. இந்த நாட்டை விட்டு ஒரு அடி வைத்தாலும் திரும்பி வர ஏலாது. அதை ஆறுதலாக விளங்கப்படுத்தாமல், எல்லாத்துக்கும் உனக்கு அவசரம், கொஞ்சம் பொறன் என்று ஏசிவிட்டார். மற்றப் பக்கத்தில் தொலைபேசி வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒன்றுமில்லை. அகதிகள் விடுதியில், யாரோடோ ஒரு லொறியில் வெளிக்கிட்டுப் போனான் என்றார்கள். பிரான்ஸ் என்றான் ஒருத்தன். ஹொலண்ட் என்றான் இன்னொருத்தன்.

எண்பத்தெட்டில் கார்னிவல் பார்க்கப் போன இராஜேந்திரன் மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடி வந்தார். பாலேந்திராவைக் கண்டுவிட்டாராம். ஒரு லொறிக்குப் பின்னால் மாலுமி உடுப்புப் போட்ட கூட்டம் ஒன்று முகத்துக்குப் பவுடர் பூசி ஆடிக்கொண்டு போனது, அதற்குள் அவன். பெயர் சொல்லிக் கத்தி, தோளிலும் பிடித்தார். அவன் திரும்பிப் பார்த்தான், சிரித்தான், கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டான். இராஜேந்திரன் ஊரிலேயே அவனைத் தெரிந்தவர். அந்த நடையையும், இடது தோள் ஒரு பக்கம் சரிந்த அந்த முதுகையும் எங்கே கண்டாலும் தெரியும் என்று கற்பூரம் அடித்துச் சொல்லத் தயாராக இருந்தார்.

அன்றிலிருந்து ஆனந்தராஜா அண்ணையின் சீவியம் அந்தச் சிரிப்பிலே நின்றது. தம்பி உயிரோடு இருக்கிறான். இதே லண்டனில் இருக்கிறான். தன்னோடு கோபம், அதுதான் வரவில்லை. அம்மாவுக்கும் அப்படியே எழுதினார். யாழ்ப்பாணத்தில், கொண்டாவிலில் அந்த மனுசி, சின்னவன் பெரியவனோடு கோபமாம் என்று அயலெல்லாம் சொல்லிக்கொண்டு, தொண்ணூற்றிரண்டில் அதை நம்பியபடியே செத்துப்போனா.

நான் கண்ட அண்ணை தம்பியோடு தினமும் சண்டை பிடிக்கிற ஆள். அரிசி கழுவும்போது, எங்கை என்னத்தைத் தின்னுறானோ மூதேவி என்பார். மழை பெய்தால், அவனிட்டை நல்ல கோட்டு இருக்காது என்பார். தீபாவளிக்கு ஒரு சேர்ட் கூடுதலாக வாங்கி அலுமாரியில் வைத்து, வரட்டும், முதலிலை கன்னத்திலை ரெண்டு குடுத்திட்டுத்தான் இதைக் குடுப்பன் என்பார். கேட்டுக்கொண்டிருந்தால் தம்பி பக்கத்து அறையில் குப்புறப் படுத்திருக்கிறான் என்றே தோன்றும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அத்தனை வருசத்தில் ஒரு தரமாவது இராஜேந்திரனையும் கூட்டிக்கொண்டு அவர் போகவில்லை. நேரே கண்டவர் இராஜேந்திரன்தானே என்று ஒருநாள் கேட்டேன். அவனுக்கு வேலை இருக்கும் என்றார்.

தொண்ணூற்றைந்தில் சிவமலர் வந்தா, பாலேந்திராவின் மனைவி. ஈஸ்ட் ஹாமில் தன்னுடைய அக்காவின் வீட்டில் இருந்தா. முப்பத்தொரு வயது. அதில் அவனோடு வாழ்ந்தது எட்டு மாதம். தாலிக்கொடியும் கழற்றவில்லை, பொட்டும் விடவில்லை. ஃபாரஸ்ட் கேட்டில் கடை வைத்திருந்த ஸ்ரீஸ்கந்தராஜா என்ற மனைவியை இழந்த ஒருத்தர், மரியாதையாக, அக்காவிடம் கேட்டிருந்தார். அக்காவுக்கு முழுச் சம்மதம். சிவமலர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டூட்டிங்குக்கு வந்து, அண்ணைக்கு முன்னால் கதிரையில் இருந்து, என்னைக் கார்னிவலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, இராஜேந்திரன் அண்ணையும் வரவேணும் என்று கேட்டா.

அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனம் நெரிக்கும் பிள்ளை, பொம்பிளையளுக்குச் சரிவராது, களவெடுப்பாங்கள், என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவ எல்லாவற்றையும் கேட்டு முடித்தா.

"இருக்கிறார் எண்டால் நான் காத்திருக்கிறன், அத்தான். இல்லை எண்டால் அதையாவது எனக்குச் சொல்லுங்கோ. ரெண்டுக்கும் நடுவிலை இருக்க என்னாலை ஏலாது."

இங்கிலீசு பேச ஒராள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பக்கத்து ஸ்ரேசன்களைக் கூட்டத்துக்குப் பயந்து மூடியிருந்ததால் முன்னுக்கே இறங்கி நடந்தோம். பணக்கார வீடுகளின் ஜன்னல்களையெல்லாம் பலகை அடித்து மூடியிருந்தார்கள்; சொந்தக்காரர் எல்லாரும் எங்கேயோ போய்விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சனம் இடம்பெயர்ந்த தெரு மாதிரி இருக்கு என்று சிவமலர் சொன்னா. தெருவில் ஆனால் பிளந்த பீப்பாக்களில் கோழி வாட்டுகிற புகை, சோளம், விசில்கள். மனிசர் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர்கள் காதை விட்டுவிட்டு நெஞ்சை இடித்தன. பொலிஸ் ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்தபோது அவ சடாரென்று ஒரு மதிலோடு ஒட்டிக்கொண்டா. பக்கத்தில் பச்சை இறகுகள் கட்டி நின்ற ஒரு பெண் அதைப் பார்த்து, அதுவும் ஒரு ஆட்டமென்று நினைத்துக் கைதட்டினா.

அண்ணை தன்னுடைய தூணுக்குப் போனார். இதிலை நிண்டால் எல்லாரையும் காணலாம் என்றார். இராஜேந்திரன் ஒத்துக்கொள்ளவில்லை. தான் கண்டது இங்கே இல்லை, அங்கால் திரும்புகிற தெருவில் என்றார். அதை எண்பத்தெட்டிலேயே சொன்னதாகவும் சொன்னார். சிவமலர் இராஜேந்திரனோடு நடக்கத் தொடங்கினா. நாங்கள் பின்னால் போனோம்.

மத்தியானம் திரும்பியிருக்கும். முதலில் பவுடர்தான் வந்தது, வெள்ளைப் புகை மாதிரி. அதற்குள் ஒரு லொறி, அதற்குப் பின்னால் மாலுமி உடுப்பில் பத்து இருபது ஆண்கள், டின்னை உயர்த்தி எல்லார் தலையிலும் பவுடரைக் கொட்டிக்கொண்டு, ஆடி அசைந்து போனார்கள்.

"அண்ணை, அந்தா" என்றார் இராஜேந்திரன்.

எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தன் போனான். எங்கள் நிறம். இடது தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. பாலேந்திராவை நான் கண்டதில்லை. ஆனால் சிவமலர் அண்ணையின் சேர்ட்டைப் பின்னால் இறுக்கிப் பிடித்ததைக் கண்டேன். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். வாழ்க்கையில் அந்த ஒரு நிமிசமாவது அவர்களுக்குக் கிடைத்ததே என்று நான் இப்போதும் நினைப்பதுண்டு.

இராஜேந்திரன் ஓடிப்போய்த் தோளில் கை வைத்தார். ஆள் திரும்பினார், சிரித்தார், கையை உயர்த்தினார். ஐம்பது வயது இருக்கும். முன்பல் ஒன்று தங்கம்.

"அண்ணை, இவர்தான்."

"எவர்?"

"அண்டைக்கு நான் கண்டது."

"உனக்குக் கண் தெரியாதே? இவர் கிழவன்" என்றார் அண்ணை. "நீ கண்டது வேறை ஆள்."

"பவுடருக்குள்ளை வயசு தெரியேல்லை, அண்ணை."

"நீ கண்டது என்ரை தம்பியை. இந்தாளை இல்லை. இனிக் கதையாதை."

சிவமலர் என்னைப் பார்த்து, கேளும் தம்பி, என்றா. கேட்டேன். அந்த மனிதர் ஆட்டத்தை விட்டு ஓரமாக வந்தார். பெயர் வீரசாமி, கயானாவிலிருந்து வந்தவர், பஸ் கராஜில் வேலை. அவருடைய பாட்டனின் தகப்பன் கரும்பு வெட்ட மதராசிலிருந்து கப்பலில் போனவராம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. இந்தக் கூட்டத்தில் எழுபத்தொன்பதிலிருந்து இதே உடுப்பில் ஆடுகிறார், ஒரு வருசமும் தவறவிட்டதில்லை. உங்கள் ஆட்கள் என்னைத் தங்களுடைய மச்சான், மாமன் என்று நினைத்துப் பிடிப்பது வழக்கம் என்று சிரித்தார். எண்பத்தெட்டில் யாராவது பிடித்த ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். வருசம் தெரியாது என்றார். ஆனால் ஒருமுறை பெற்றோல் கொம்பனிச் சேர்ட்டோடு, நெஞ்சில் பெயர் அட்டை குத்தியபடி ஒரு பெடியன் தோளைப் பிடித்து என்னவோ கத்தினான். குடிவெறியாக்கும் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன் என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். இராஜேந்திரன் தெருவோரக் கல்லில் குந்திவிட்டார்.

"நான் ஷிப்ட் முடிஞ்சு நேரை வந்தனான்" என்றார்.

யாரைத் தேடுகிறீர்கள் என்று வீரசாமி கேட்டார். சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிவமலரைப் பார்த்தார். எங்களுடைய ஆட்களையும் அந்த மதராஸ் கரையில் யாராவது இப்படித் தேடியிருப்பார்கள் என்றார். லொறி தூரப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு அதற்குப் பின்னால் ஓடினார். ஓடும்போதும் அந்தத் தோள் சரிந்துதான் இருந்தது. அண்ணை அது மறையும்வரை பார்த்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் குறைந்தது. அரிசியைப் பேசாமல் கழுவினார். மழை பெய்தால் ஜன்னலைச் சாத்தினார், அவ்வளவுதான். அலுமாரியில் இருந்த சேர்ட்டுகளில் ஒன்றை எனக்குத் தந்தார். அளவு சரியாக இருந்தது. நான் அதைப் போடவில்லை.

ஒக்டோபரில் ஈஸ்ட் ஹாமில், அக்கா வீட்டுக்குக் குருக்களைக் கூப்பிட்டார்கள். சிவமலர் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு ஓம் என்று சொல்லியிருந்தா. அதற்கு முதல் பாலேந்திராவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்பது அக்காவின் சொல். குருக்கள் திதி கேட்டார். செத்த நாள் தெரியாது என்றோம். அப்படியென்றால் இரண்டு வழி இருக்கிறது என்றார்: வருசாவருசம் திதியைப் பொதுவாக அமாவாசையில் செய்யலாம், இல்லாவிட்டால் செய்தி கேட்ட நாளை எடுக்கலாம்.

அமாவாசை என்று அண்ணை உடனே சொன்னார். அக்காவும் தலையாட்டினா.

"பொதுவிலை விட வேண்டாம், அத்தான்" என்றா சிவமலர். "அவருக்கெண்டு ஒரு நாள் வேணும்."

"செய்தி ஒண்டும் வரேல்லையே, பிள்ளை."

"வந்தது."

குருக்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார்.

"கார்னிவல் திங்கக்கிழமை, ஐயா" என்றார்.

குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஆவணி, பூர்வபக்கத் திருதியை, வளர்பிறையின் மூன்றாம் நாள் என்றார். அக்கா அதைக் கலண்டரில் எழுதினா.

அன்றைக்கே கிரியை முடிந்ததும், பிண்டத்தை ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும் என்று அண்ணையும் நானும் பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கம் இருக்கிற ஆற்றுக்குப் போனோம். கடல் உள்வாங்கினால் அந்த ஆறும் வற்றிவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. நடுவில் ஒரு கோடாகத் தண்ணீர் கிடந்தது, மற்றதெல்லாம் சேறு. அண்ணை படியில் இறங்கி எட்டி எறிந்தார். எள்ளும் சோறும் சேற்றில் விழுந்து அப்படியே இருந்தன. மேலே கடற்பறவைகள் சுற்றின.

தண்ணீர் எப்போது ஏறும் என்று அங்கே நாயோடு நடந்த ஒரு கிழவரிடம் கேட்டேன். பின்னேரமாகும் என்றார்.

"நிப்பமா, அண்ணை?"

அவர் கையைத் துடைக்க ஒன்றும் இல்லாமல் காற்சட்டையில் துடைத்தார்.

"வேண்டாம்" என்றார். "போவம்."