தூக்கிக்கொண்டு போக முடியாத கம்ப்யூட்டர்

கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னபோது, நான் அவள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனி, பாலக்காட்டில் ஓட்டல், பிறகு வடக்கே போர்வெல் லாரி. படுக்கை லாரிக்கு அடியில்தான். மழை வந்தால் முன் சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்குவோம். படிப்பு எட்டாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. என் சாமான் எல்லாம் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும். எந்த ஊரைவிட்டும் கிளம்ப எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

திருப்பூர் அறையில் உடன் இருந்தவன் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கம்ப்யூட்டரில் விளையாட விடுவான். அப்போது பிடித்த ஆசை. இப்போது மச்சான் தோட்டத்துத் தக்காளியோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய், அங்கேயே லாரிகளுக்கு லோடு ஏற்றிக் கொஞ்சம் சேர்த்திருந்தேன்.

"ஏன் மாப்ள, லேப்டாப்பா வாங்கிறலாம்ல? பையில போட்டுக்கிட்டு ஓட வசதி" என்றார் மச்சான்.

"அதெல்லாம் வேணாம். பெருசா, அசையாததா வாங்கு" என்றாள் அக்கா.

"கம்ப்யூட்டரப் பத்தி உனக்கு என்னக்கா தெரியும்?"

"ஒன்னும் தெரியாது. உன்னையத் தெரியும்ல."

திண்டுக்கல் கடைக்கு அவளும் கூடவே வந்தாள். கடைக்காரத் தம்பி என் பணத்துக்குள் அடங்குகிற மாதிரி பிராசசர், மதர்போர்டு, ராம், மானிட்டர் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் கணக்குக்குள் வந்துவிட்டது. கடைசியாக, எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூட ஒரு சின்ன கேபினட்டை எடுத்துக் காட்டினார்.

"இது போதும்ண்ணே. வெயிட்டும் கம்மி. வேற ஊருக்குப் போனாலும் ஈஸியா தூக்கிட்டுப் போயிரலாம்."

அத்தோடு அந்தக் கேபினட்டின் கதை முடிந்தது. அக்கா அதன் பக்கம் திரும்பவே இல்லை. "அந்தா மூலையில நிக்குதே, அது என்ன தம்பி?"

அதுவும் கேபினட்தான், பீரோவுக்குத் தம்பி மாதிரி நின்றது.

"அது ரொம்பப் பெருசுக்கா. உள்ள பாதி சும்மாதான் கிடக்கும்."

"சும்மா கிடந்தா காத்து வரும்ல?"

தம்பி சிரித்துக்கொண்டே அதை இழுத்து முன்னால் வைத்தார். காற்று வரும் என்பது உண்மைதான், சூடும் குறையும். அந்தப் பெட்டியை வாங்கியதில் கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்திருந்த பணம் போய்விட்டது. அது இல்லாமல் புது கேம் எதுவும் ஓடாது என்று நான் புலம்பினேன். "மெதுவா வாங்கிக்கலாம். அம்புட்டு அவசரமா எங்க ஓடப் போற?" என்றாள்.

பஸ்ஸில் அந்தப் பெட்டி ஒரு சீட்டையே பிடித்துக்கொண்டது. "உள்ள ஆளு ஏதும் இருக்கா? டிக்கெட் போடவா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ஆளு வெளியதாண்ணே இருக்கான். இவனக் கட்டிப்போடத்தான் இத வாங்கிருக்கேன்" என்றாள் அக்கா. பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் இன்னொரு பிரச்சினை. பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் போட்டால் கரண்ட் இறங்கி, கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். அடுத்து வந்த கூலி யூ.பி.எஸ்.ஸுக்குப் போனது. அதைத் தூக்கிப் பார்த்த அக்காவுக்கு, அதன் கனத்தில் ஏகப்பட்ட திருப்தி.

அப்போதுதான் போர்வெல் லாரிக்காரர் போன் பண்ணினார். லாரி கிளம்புது, ஆள் குறையுது, வாரியா? ஒரு தடவை போய்வந்தால் கார்டு புதுசாகவே வாங்கலாம். சோற்றுக்கு உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"போகட்டும்டி, கார்டோட வருவான்" என்றார் மச்சான்.

"இவன் வருவானா, கார்டு மட்டும் பார்சல்ல வருமா? போன தடவ பொங்கலுக்கு வாரேன்னுட்டுத்தான் போனான். எந்தப் பொங்கல்னு சொல்லல."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ரசத்தை என் தட்டில் ஊற்றாமல் கரண்டியைக் கையிலேயே வைத்திருந்தாள். நான் சொல்லிவிட்டுப் போன நாளுக்கும் திரும்பி வந்த நாளுக்கும் நடுவே எத்தனை பொங்கல் போயின என்று நானும் எண்ணிப் பார்த்ததில்லை.

மறுநாள் லாரிக்காரரிடம் போனில், வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றேன்.

"என்னடா, மாடா வாங்கிக் கட்டிருக்க?"

"ஆமாண்ணே. தண்ணி காட்ட ஆளு வேணும்."

கெட்ட வார்த்தை ஒன்றைச் சிரிப்போடு சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

கார்டு இல்லாமலும் ஓடுகிற பழைய லாரி கேம் ஒன்று கிடைத்தது. படம் மங்கல்தான், மரங்கள் எல்லாம் தாமதமாகத்தான் முளைக்கும். சாயங்காலம் ஓட்டிக்கொண்டிருந்தபோது அக்கா ஈரக் கையோடு வந்து பின்னால் நின்றாள்.

"எந்த ஊரு ரோடுடா இது?"

"தெரியலக்கா. ஏதோ வெளிநாடு."

கொஞ்ச தூரம் அவளும் பார்த்தாள். "போறதுன்னா இப்படிப் போ" என்றாள். "செத்த நேரத்துல சோத்துக்கு வந்துரு."