உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கம்பெனி ஆட்கள் ஒரு செல்போனைச் சுற்றிக் கூடினால் அது கிரிக்கெட்டாக இருக்கும், இல்லையென்றால் காராக இருக்கும். போன வாரம் கார். ஏதோ வெளிநாட்டுச் சொகுசுக் கார். அதன் பின்கதவுக்குக் கீல் பின்பக்கம். முன்கதவும் பின்கதவும் இரட்டைக் கதவு பீரோ போல எதிரெதிராக விரிகின்றன, நடுவிலிருந்து ஒரு பெண் தலைகூடக் குனியாமல் இறங்கி நடக்கிறாள். பார்த்தவர்கள் அத்தனை பேரும் பெருமூச்சு விட்டார்கள்.

"இன்னா கெத்து பாருங்க மேடம்" என்று ஒருவன் போனை என் பக்கம் நீட்டினான்.

"உள்ள கைப்பிடி எங்க கீதுன்னு பாத்தியா?" என்று கேட்டேன். கேட்ட விதத்தில் அவன் முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவன் என்ன செய்வான். அந்தக் காரின் முகத்தைப் பற்றியும் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பல்லுக்குக் கம்பி கட்டியவன் சிரிக்கிற மாதிரி முன்னால் அவ்வளவு பெரிய சல்லடை எதற்கு? ஆனால் முகத்தை மன்னித்துவிடலாம். அந்தக் கதவைத்தான் என்னால் மன்னிக்க முடியாது.

தேர்வாய் கண்டிகையில் கார் கதவுகளுக்கு ரப்பர் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. அதனால் கதவுகளைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு. ஆனால் இந்தக் கோபம் வேலையில் கற்றதில்லை. பன்னிரண்டு வயதில் அப்படிப்பட்ட கதவு வைத்த காரில் ராணி மாதிரி உட்கார்ந்து போனவள் நான்.

அதைச் செய்தவர் என் மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி. கவரைப்பேட்டையில் நெடுஞ்சாலையோரம் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். லாரியில் மோதி அப்பளமாக வரும் கார்களைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்து, பெயிண்ட் அடித்து அனுப்புவார். பட்டறைச் சுவர் முழுக்கப் பழைய புத்தகங்களில் கிழித்த வெளிநாட்டுக் கார் படங்கள். எந்தப் படத்தில் எந்த வளைவு அழகு, எது அசிங்கம் என்று நாளெல்லாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் கார்களில் ஒன்றையாவது அவர் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

"காரோட கவுரவம் ஓடறதுல இல்ல பாப்பா, எறங்கறதுல கீது" என்பார். சாதாரணக் காரிலிருந்து மனிதர்கள் இறங்குவதை ஸ்டூலில் உட்கார்ந்து நடித்துக் காட்டுவார். ஒரு காலை நீட்டி, தலையைக் குனிந்து, இடுப்பைத் திருப்பி, கதவைச் சுற்றிக்கொண்டு. "பஞ்சாரத்துலேர்ந்து கோழி வர்ற மாதிரி கீதா இல்லியா? அதுவே கீலை பின்னால வச்சிட்டா எழுந்து நேரா நடக்கலாம். எதிர்ல யாரு நின்னாலும் முழு முகம் தெரியும்." இத்தனை வருடம் கதவுகளோடு மாரடித்த பிறகு சொல்கிறேன், அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

எனக்குப் பதினொரு வயதானபோது, ஒரு அரிசி மில் கொல்லையில் கிடந்த பழைய காரை இழுத்து வந்து அதன் பின்கதவுகளை வெட்ட ஆரம்பித்தார். யாருக்கு மாமா என்று கேட்டேன். பட்டறையில் நாலு பேர் இருக்கும்போதே சொன்னார். "வேற யாருக்கு? உனக்குத்தான். நீ வயசுக்கு வந்தா மண்டபத்துக்கு இதுல தான் போற."

தாய்மாமன் என்றால் சீர் கொண்டுவர வேண்டும், பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும், பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துவர வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆனால் என் உடம்புக்கே தெரியாத ஒன்றுக்கு ஒரு வருடம் முன்பே கீலும் வெல்டிங்குமாக ஒரு மனிதர் தயாராகிறார் என்றால் எனக்கு எப்படி இருக்கும்! கையில் கிடைத்த உப்புத்தாள் கட்டைத் தூக்கித் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

ஓடுவது எனக்குப் பிடிக்கும். அதைக் கண்டுபிடித்தவரும் மாமாதான். பட்டறைக்குப் பின்னால் ஏரிக்கரை வரைக்கும் நேரான மண்பாதை. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், நான் போய்த் திரும்புவேன். கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தவர் அவர். பொட்டப் புள்ளைக்கு எதுக்குடா ஓட்டம் என்று அம்மா கேட்டதற்கு, "உனக்கு இன்னாக்கா தெரியும், இது காத்து" என்றவரும் அவர்தான். ஏழாவது படிக்கையில் நானூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பள்ளியில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கும்மிடிப்பூண்டி மைதானத்தில் போட்டி, ஜெயித்தால் திருவள்ளூர். அந்த அறிவிப்பு வந்த ஆறாம் நாள் நான் பெரியவளானேன்.

சடங்குக்கு நாள் குறித்தார்கள். நைனாவும் பெரியப்பாவும் பஞ்சாங்கம் பார்த்தார்கள், மண்டபம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள், சமையல்காரருக்கு வசதிப்படுமா என்று பார்த்தார்கள். என் பள்ளி அறிவிப்பை ஒருவரும் பார்க்கவில்லை. போட்டி எந்த வெள்ளிக்கிழமையோ, அதே வெள்ளிக்கிழமை.

அம்மாவிடம் அழுதேன். "ஓட்டம் அடுத்த வருசமும் வரும்டீ, இது வருமா?" என்றாள். நைனாவிடம் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள், பேச்சு அங்கேயே முடிந்தது. ஒன்பது நாள் ஓலைக்குடிசையில் உட்கார வைத்தார்கள். தினமும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும். ஓடப் போகிறவளுக்குக் கொடுக்கிற மாதிரி சாப்பாடு போட்டு, உட்கார வைத்திருந்தார்கள்.

மாமா தினம் சாயங்காலம் வருவார். குடிசைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து காரைப் பற்றிப் பேசுவார். வெள்ளை அடித்தாயிற்று, சீட்டுக்குச் சிவப்பு ரெக்சின் போட்டாயிற்று. நான் ஓலை இடுக்கு வழியாக ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். மண்டபத்துக்குப் போகிற வழியில்தான் மைதானம். பத்தரைக்குப் போட்டி. ஒரே ஒரு சுற்று. ஒன்றேகால் நிமிஷம். ஓடிவிட்டு வந்து ஏறிக்கொள்கிறேன். ஒருத்தருக்கும் தெரியாது.

"பேஜார் பண்ணாத பாப்பா, பாத்துக்கலாம்" என்றார் மாமா.

பாத்துக்கலாம் என்றால் சரி என்று அர்த்தம் என நினைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பட்டுப் பாவாடை தாவணி கட்டி, நகை பூட்டி, என் எடைக்குப் பாதி எடையில் மாலையும் போட்டார்கள். பாவாடைக்கு அடியில் கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டேன். பாவாடை தரையைத் தொட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

பின்சீட்டில் நான் மட்டும்தான். ராணி தனியாகத்தான் உட்கார வேண்டும் என்பது மாமாவின் சட்டம். முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் சீர்த் தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். அம்மாவும் அத்தைகளும் பெரியம்மாக்களும் பின்னால் வேனில். கதவை மாமாவே வெளியிலிருந்து சாத்தினார். டப் என்று ஒரு சத்தம். அப்போதுதான் பார்த்தேன், உள்ளே கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு ரெக்சின் மட்டும் வழவழவென்று இருந்தது. அந்தப் பக்கக் கதவிலும் அப்படியே. கண்ணாடியை இறக்கும் பிடியும் இல்லை.

கேட்டேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டே விளக்கம் சொன்னார். "பின்னால கீல் வச்ச கதவு ரோட்ல போறப்போ தெறந்துக்கினா காத்து அப்டியே பிச்சிக்கினு பூடும். நீ தெரியாம கைய வச்சிட்டா? அதான் உள்ள ஒண்ணுமே வைக்கல." இதுவும் சரிதான். பெரிய கம்பெனிகள் ஓடும்போது திறக்காமலிருக்க மின்சாரப் பூட்டு வைக்கின்றன, என் மாமா கைப்பிடியையே கழற்றிவிட்டார். பத்திரம் என்று வந்துவிட்டால் உள்ளே இருப்பவளின் கையைத்தான் முதலில் எடுப்பார்கள் போலிருக்கிறது.

புது அளவுக்கு ரப்பர் கிடைக்கவில்லை என்று கதவைச் சுற்றி ரப்பரே போடாமல் விட்டிருந்தார். வழியெல்லாம் காற்று விசில் அடித்தது. லாரிகள் கிளப்பிய புழுதி உள்ளே வந்து பவுடர் பூசிய முகத்தில் படிந்தது. மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். நானும் சிரித்தேன். அவர் பாத்துக்கலாம் என்று சொல்லியிருக்கிறாரே.

மைதானத்து மதில் ஓரத்தில் கார் தானாகவே நின்றது. இரும்புக் கம்பி ஏற்றிய நீள லாரி ஒன்று எதிர்ப்பக்கத் தொழிற்சாலைக்குள் பின்பக்கமாக நுழைய முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் மைக்கில் எங்கள் விளையாட்டு டீச்சரின் குரல். நானூறு மீட்டர், மாணவியர். என் பள்ளிப் பெயரைச் சொன்னார், என் பெயரைச் சொன்னார். மூன்று முறை கூப்பிடுவார்கள், வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். மாமா இறங்கி லாரி எப்போது நகரும் என்று பார்க்கப் போனார். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள்.

நான் மாலையைக் கழற்றி வீசிவிட்டுக் கண்ணாடியைத் தட்டினேன். முன்சீட்டைத் தாண்டலாம் என்று முட்டியை வைத்தேன், தேங்காயும் ஆப்பிளும் உருண்டன, பாவாடை கியரில் மாட்டிக்கொண்டது. மாமா ஓடிவந்தார். என் கதவுக்கு நேராக வந்து நின்றார். அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி மட்டும்தான். "மாமா, என் பேரைக் கூப்டறாங்க மாமா! கதவைத் தொற! ஒரு ரவுண்டு தான் மாமா, ஓடிட்டு வந்துடறேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் வெளிக் கைப்பிடியில் கையை வைத்தார். எனக்கு இன்றைக்கும் அந்தக் கை தெரிகிறது, பெயிண்ட் போகாத நகங்களோடு. பிறகு தலையைத் திருப்பிப் பின்னால் நின்ற வேனைப் பார்த்தார். கையை எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் கைப்பிடியில் பட்ட ரேகையைத் துடைத்தார். சுற்றிவந்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் முறையும் கூப்பிட்டார்கள். லாரி நகர்ந்தது.

"கத்தினேனே மாமா" என்றேன்.

"கண்ணாடி மூடிக்கினு கீதும்மா, ஒண்ணும் கேக்கல" என்றார். "மாலைய எடுத்துப் போட்டுக்கோ, வாடிடப் போவுது."

மண்டபத்து வாசலில் பேண்டு முழங்க அவரே கதவைத் திறந்தார். கூட்டம் ஆவென்று வாய் பிளந்தது. எல்லார் முகத்திலும் அறைகிற மாதிரி கதவை இழுத்துச் சாத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். எட்டவில்லை. பின்பக்கம் கீல் வைத்த கதவு திறந்தால் அதன் விளிம்பு உட்கார்ந்திருப்பவளுக்குப் பின்னால் வெகுதூரம் போய்விடும். உள்ளே இருப்பவளால் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. எழுந்து, தலை குனியாமல், நேராக நடந்தேன். எதிரே நின்றவர்களுக்கு என் முழு முகமும் தெரிந்தது. அந்தப் போட்டோவை இப்போதும் எடுத்துப் பார்க்கிறார்கள். கண் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். பாரேன், பொண்ணுக்கு எவ்ளோ வெட்கம் என்கிறார்கள்.

அடுத்த வருடம் ஓட்டம் வந்தது, என்னை அனுப்பவில்லை. நைனா மேல் கோபப்பட்டேன், அம்மாவோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தேன். மாமாவை மட்டும் விட்டுவிட்டேன். பாவம், அவருக்குக் கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பரிசோதனை செய்தோம். நல்ல ரப்பர் போட்ட கதவுக்குள்ளே ஒருத்தி உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள், வெளியே நின்று நான் குறித்துக்கொள்ள வேண்டும். அத்தனை ரப்பரையும் தாண்டி அவள் கத்தி எண்ணியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கையிலிருந்த தாளை அப்படியே வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மதிலுக்கு அந்தப் பக்கத்து மைக் எனக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டதே. ரப்பர் இல்லாத கதவு. ஒரு சாண் தூரம்.

அந்த வருடப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த மாமாவிடம் கேட்டேன். "அன்னிக்கு உனக்குக் கேட்டுது இல்ல மாமா?" என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. எது என்றும் கேட்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேன்லேர்ந்து உங்கொம்மா பாத்துக்கினு இருந்தாம்மா" என்றார்.

அவர் மேலிருக்கிற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் அதைவிட அதிகமாக, காருக்குள் அழுகையை அடக்கிக்கொண்டு உதிர்ந்த பூவைப் பொறுக்கி மாலையை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாளே, அந்தப் பன்னிரண்டு வயதுக்காரி மேல் கோபம் வருகிறது. மாமாவுக்குக் கேட்டிருந்தால் திறந்திருப்பார் என்று அவள் மனசார நம்பினாள். இன்னும் சத்தமாகக் கத்தாதது தன் தப்பு என்று நினைத்தாள்.