வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

இன்னிக்குக் காலையில எங்க ஹார்டுவேர் கடைக்கு ஒரு புருசனும் பொண்டாட்டியும் வந்தாங்க. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வெச்சிருக்கறவங்க. நல்ல மனுசங்க. தாழ்ப்பாள் வேணும்னாங்க.

எல்லாருகிட்டயும் கேக்கறதைத்தான் கேட்டேன். "உள்பக்கத்துக்குங்களா, வெளிப்பக்கத்துக்குங்களா?"

"பாப்பா ரூமுக்குங்க. வெளிப்பக்கம்," ன்னாரு அவரு.

சின்னக் குழந்தையா இருக்கும், ரோட்டுக்கு ஓடிடும்னு பயப்படறாங்கன்னு நினைச்சேன். பாப்பா காலேஜ் படிக்குதாம். ஒரு பையன்கூடப் பழக்கமாம். போனை வாங்கி வெச்சாச்சாம்.

"அப்ப பூட்டி வெக்கறதுக்குங்களா?"

அவர் முகம் சுருங்கிப் போச்சு. "அப்படியெல்லாம் சொல்லாதீங்க. கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இருந்து திருந்தட்டும்னுதான்."

அந்தக்கா ஒவ்வொரு தாழ்ப்பாளா இழுத்து இழுத்துப் பார்த்தாங்க. "சத்தம் வராததாக் குடு அம்மிணி. ராத்திரி போடறப்ப அவ முழிச்சுக்குவா, பாவம்."

என் வாய் பழக்கதோசத்துல பேசிருச்சு. "ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டாச் சத்தமே வராதுங்கக்கா."

சந்தோசமா வாங்கிட்டுப் போனாங்க. அப்பறம் எனக்கு வேலையே ஓடல.

கவர்மென்ட்டுகூட இப்ப ஜெயிலைத் திருத்தற இடம்னுதான் சொல்லுது. ஆனா பலகையில ஜெயில்னும் எழுதி வெச்சிருக்குது.

வெளியில தாழ்ப்பாள் போட்ட ரூமுக்கு உங்க ஊட்டுல என்ன பேர் சொல்றீங்க?