குலவை கேட்க அணைத்த எஞ்சின்

எங்கள் பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் வந்ததும் முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். சட்டமில்லை, வழக்கம். சட்டமாக இருந்திருந்தால் மீறியிருப்பார்கள். துளைபோடும் வண்டி வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. மணிக்கணக்காகப் பாறைத் தூள் வெள்ளைப் புகையாகக் கிளம்பிக்கொண்டே இருக்கும். திடீரென்று தூள் நின்று சேறு வரும், சேற்றின் பின்னால் தண்ணீர் ஆள் உயரத்துக்கு மேல் பீய்ச்சும். உடனே ஊரே "அணைங்க, அணைங்க" என்று கையை ஆட்டும். பெண்கள் குலவை போட வேண்டும், அந்தக் குலவை ஊர்ச் சாமியின் காதில் விழ வேண்டும். எஞ்சின் சத்தத்துக்குள் போட்ட குலவையைச் சாமி கணக்கில் எடுத்துக்கொள்ளாது என்று நம்பிக்கை. எங்கள் இன்ஜினீயர் கையை உயர்த்துவார். நான் அணைப்பேன். அவர் கழுத்தில் மாலை விழும், என் கையில் ஒரு எலுமிச்சம்பழம் விழும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து, லாரி ஓட்டப் போனவன். அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து துளைபோடும் வண்டி ஒன்று எங்கள் பக்கத்துக்கு வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டி. மணலிலும் கண்மாய்ச் சேற்றிலும் மாட்டிக்கொள்ளாது. ஓட்டவும் துளைபோடவும் அதே எஞ்சின்தான். வண்டியை நிறுத்தக் காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். நான் தற்காலிக டிரைவர். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் இன்ஜினீயர் மேஜையில் அவர் கையெழுத்துக்காகக் கிடந்தது. அந்த ஒரு கையெழுத்துக்காக இரண்டு வருஷம் அவர் ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

அந்த எஞ்சினில் டர்போ என்று ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் நான் ஓட்டிய எந்த லாரியிலும் அதைப் பார்த்ததில்லை. எஞ்சின் விடும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அடைக்கும். காற்று கூடினால் வலு கூடும். பார்க்கச் சங்கு மாதிரி இருக்கும், வேலை ஏற ஏற மில் சங்கு மாதிரி ஊதவும் செய்யும். அதனால் நாங்கள் அதைச் சங்கு என்றே சொன்னோம்.

அந்தச் சங்கு கெட்டுப்போனது காளையார்கோவிலுக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பொட்டலில். நடுப்பகல். துளை பாதி ஆழம் போயிருந்தது. ஊதல் சத்தம் சட்டென்று கரகரத்தது. பிறகு இரும்பை இரும்பில் தேய்க்கிற ஒரு கீச்சல். பின்பக்கம் நீலப் புகை. மிதித்தால் எஞ்சின் முனகுகிறதே ஒழிய இழுக்கவில்லை. துளைக்குள் இறக்கிய இரும்புக் குழாய்கள் அப்படியே நின்றன. தண்ணீருக்காகக் குடத்தோடு வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னையே பார்த்தார்கள்.

செய்தி போய், மறுநாள் காலையில் இன்ஜினீயர் ஜீப்பில் வந்தார். வெளியூர்க்காரர், நல்ல படிப்பு, சட்டையில் மடிப்புக் கலையாது. ஐந்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"ஆயில் மாத்தாம ஓட்டியிருக்கே."

"மாத்தினேன் சார். போன மாசம்தான் மாத்துனேன்."

"மாத்தியிருந்தா இது ஏன்யா போகுது?"

ஜீப்பின் முகப்பில் வைத்தே ஒரு தாளில் எழுதினார். டிரைவர் எண்ணெய் மாற்றத் தவறியதால் பழுது. கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"செய்யாத தப்புக்குப் போட மாட்டேன் சார்."

"போடலேன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராதே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வண்டி இங்குட்டுக் கெடக்கு, கொட்டகை அங்குட்டு இருக்கு. நான் வராட்டி வண்டி எப்படி வரும்? வண்டியோட வந்து பேசுறேன், நீங்க போங்க," என்றேன். அதுவரை அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் போய்விட்டார். எனக்கு வருத்தம் ஒரு துளிகூட இல்லை.

எண்ணெய்தான் காரணமென்றால் எஞ்சின் முழுவதுமல்லவா கெட்டிருக்க வேண்டும்? முதலில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் அளவாக இருந்தது, இரண்டு விரலில் தேய்த்தால் வழவழப்பும் இருந்தது. காற்றுக் குழாயைக் கழற்றினேன். உள்ளே எண்ணெய் வழிந்திருந்தது. நீலப் புகை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. சங்கின் வாய்க்குள் விரலை விட்டுத் தண்டை அசைத்தேன். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசி ஓரம் தின்றுபோயிருந்தன. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, சங்கு மட்டும்தான் செத்திருந்தது.

உதிரிபாகம் மதராஸிலிருந்து வர வேண்டும், மாதக்கணக்காகும். அதற்குள் துளை சரிந்தால் குழாய்களும் மண்ணோடு மண். டர்போ இல்லாத எஞ்சினை நான் பத்து வருஷம் ஓட்டியிருக்கிறேன். இதையும் அப்படி ஆக்க முடியாதா என்று யோசித்தேன். சங்கை முழுசாகக் கழற்றினேன். அதற்குப் போகும் எண்ணெய்க் குழாயை மடக்கிச் சுத்தியலால் நசுக்கினேன், இல்லாவிட்டால் எண்ணெய் முழுக்க வெளியே பீய்ச்சிவிடும். எண்ணெய் திரும்பி வரும் ஓட்டையைப் பிஸ்கட் டின் தகரமும் லாரி டியூப் துண்டும் வைத்து போல்ட் போட்டு அடைத்தேன். காற்று வடிகட்டியை எஞ்சினோடு நேராக இணைக்க ஊர்க்காரர் ஒருவர் தன் பம்ப் செட்டின் ரப்பர்க் குழாயில் ஒரு சாண் வெட்டிக் கொடுத்தார். கிணறே வறண்ட பிறகு குழாயை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்றார்.

எஞ்சின் கிளம்பியது. சங்கோடு புகைக் குழாயும் கழன்றுவிட்டதால் வெடிக் கடை தீப்பிடித்தாற்போலச் சத்தம். மெதுவாக, கரும்புகை வராத அளவுக்கு மட்டும் மிதித்து, குழாய்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். சாயங்காலத்துக்குள் பதினெட்டுக் குழாயும் தரையில் படுத்திருந்தன. மறுநாள் பகலில் அந்தச் சத்தத்தோடு காரைக்குடிக்குள் நுழைந்தேன். கடைத்தெருவில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். நான் ஒலிப்பானை வேறு அடித்தேன்.

சங்கைச் சாக்கில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போய் முற்றத்தில் வைத்துப் பிரித்தேன். என் மனைவி கல்யாண வீடுகளில் பலகாரம் சுடப் போகிறவள். எண்ணெய்ச் சட்டியோடு பழகிய கை. பிரித்த தண்டின் மேல் கெட்டியாக, கருப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராத ஒரு பற்று இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"இது பழைய எண்ணெய்க் கசடு இல்லீங்க. கசடுன்னா பிசுபிசுன்னு இருக்கும். இது காஞ்ச சட்டியில கொஞ்சூண்டு எண்ணெய் நின்னுபோயிக் கருகுனது. அடுப்ப அணைச்சாலும் சட்டி சூடு எறங்காதுல்ல? நீங்க இத எப்ப அணைப்பீக?"

"தண்ணி வந்ததும்."

"சூட்டோடயா?"

நான் தண்டை மறுபடி கையில் எடுத்தேன். உச்ச வேகத்தில் எஞ்சினை அணைத்த பிறகும் சங்கு மட்டும் ஙீயென்று நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். குலவைக்கு அது சுருதி சேர்ப்பதாக நான் ரசித்திருக்கிறேன். எஞ்சின் நின்றால் எண்ணெய் வருவதும் நின்றுவிடும். எண்ணெய் இல்லாமல், பழுத்த சூட்டில், அந்தத் தண்டு தன்னையே தேய்த்துக்கொண்டு சுற்றியிருக்கிறது. நாற்பது ஊரில் நாற்பது தடவை. அணைத்தது என் கைதான். அந்தத் தாளில் எழுதியிருந்த தப்பை நான் செய்யவில்லை, எழுதாத தப்பைச் செய்திருக்கிறேன்.

மறுநாள் அலுவலகத்தில் அந்தத் தண்டை இன்ஜினீயர் மேஜையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "உன் சம்சாரம் எந்தக் காலேஜ்ல படிச்சாங்க?" என்று கேட்டார்.

"வண்டியோட ஒரு புஸ்தகம் வந்துச்சே சார், இதுவரைக்கும் எங்க கையில குடுக்கல. அந்த பீரோவத் தெறங்க."

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"ஒங்களுக்குத் தெரியும்ல. படிச்சுச் சொல்லுங்க."

ஏன் திறந்தார் என்று இன்றுவரை தெரியாது. என் வாயை அடைக்கத்தான் இருக்கும். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தகம் வெளியே வந்தது. பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. வாய்விட்டுப் படிக்கவில்லை, ஆனால் முகம் படித்தது. "என்ன போட்டிருக்கு?" என்றேன். கடும் வேலைக்குப் பிறகு ஐந்து நிமிஷமாவது எஞ்சினைத் தணிவாக ஓடவிட்டே அணைக்க வேண்டும் என்று போட்டிருப்பதாக மெல்லச் சொன்னார்.

பழைய தாளை அவரே கிழித்தார். புதிதாக எழுதினார். இயல்பான தேய்மானத்தால் பழுது. "ரெண்டு பேருக்கும் தொல்லை இல்லை. நீ இதுல போடு. நான் அந்தக் காகிதத்துல இப்பவே போடறேன்," என்று என் நிரந்தரக் காகிதத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்தார்.

என் மனம் ஆடியது என்பதை மறைக்க மாட்டேன். பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். அதே மாதிரி வண்டிகள் வேறு இடங்களிலும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கேயும் குலவை போடுவார்கள். அங்கேயும் எவனோ ஒரு தற்காலிகன் சூட்டோடு அணைப்பான், எண்ணெய் மாற்றவில்லை என்று அவனையும் துரத்துவார்கள். இயல்பான தேய்மானம் என்பதற்கு நான் கையெழுத்துப் போட்டால் அந்தப் புத்தகம் மறுபடியும் பீரோவுக்குள் போய்விடும். போகட்டும், எனக்கென்ன என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் தாளை என் பக்கம் தள்ளிய விதம் பிடிக்கவில்லை. நாய்க்குப் பிஸ்கட் போடுவதுபோலத் தள்ளினார்.

தாளைத் திருப்பிப் பின்பக்கம் தமிழில் எழுதினேன். தண்ணீர் வந்ததும் இன்ஜினீயர் கை காட்டினார், நான் சூட்டோடு அணைத்தேன், அதனால் டர்போ கருகியது, எல்லா டிரைவருக்கும் இதைச் சொல்ல வேண்டும். கீழே என் கையெழுத்து, தேதி.

"பைத்தியமா உனக்கு?" என்றார்.

"ஆமா சார். மேல அனுப்புங்க. அனுப்பாட்டி நானே இன்னொண்ணு எழுதித் தபால்ல போடுவேன்."

அனுப்பினார். அந்த மாத முடிவில் தற்காலிகப் பணியாளர் ஒருவர் தேவையில்லை என்று உத்தரவு வந்தது. அந்த ஒருவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. என் மனைவி அன்று என்னைத் திட்டவில்லை. அடுத்த வாரம்தான் திட்டினாள்.

சாவியை ஒப்படைத்த அன்று புது டர்போ மாட்டிய வண்டி கொட்டகையில் நின்றது. புது டிரைவர் என்னைவிட மூத்தவர், நரைத்த மீசைக்காரர். இன்ஜினீயர் பத்தடி தள்ளி நின்றார். அவருக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"தண்ணி வந்தாலும் அஞ்சு நிமிஷம் அணைக்காதீக. ஊர் கத்தினாலும் சரி, யாரு கை காட்டினாலும் சரி."

"அணைச்சா என்னாகும்?"

"என்னைய மாதிரி வீட்டுக்குப் போவீக."

அப்புறம் நான் மறுபடி லாரிக்கே போனேன். சில மாதங்கள் கழித்துப் பிள்ளையார்பட்டி போகிற வழியில் ஒரு டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஊரில் தண்ணீர் வந்த பிறகும் டிரைவர் எஞ்சினை அணைக்கவே இல்லையாம். பெண்கள் குலவை போட்டது யாருக்கும் கேட்கவில்லையாம். ஊரே அவனை வண்டை வண்டையாகத் திட்டியதாம். இன்ஜினீயர் என்ன செய்தார் என்று கேட்டேன். மாலையைக்கூட வாங்காமல், கையைக் கட்டிக்கொண்டு, மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். எனக்கு வயிறு குளிர்ந்தது. அந்த இரண்டு பேருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.