மருத்துவச்சி என்று ஒரு வார்த்தை

முதல் பொதுத் தேர்தல் முடிந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. பாகலூருக்கு அப்பால், மைசூர் எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் ஓராசிரியர் பள்ளி. அதில் நான் வாத்தியார். வயது இருபத்திரண்டு. ஊரில் பாதிப் பேர் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள். தமிழில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. முத்து முத்தாக எழுதுவேன் என்று ஊரே சொல்லும்.

குடியரசு தினத்தன்று கொடியேற்றிவிட்டு ஒரு பிரசங்கம் செய்தேன். எந்தச் சாமியைக் கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் விருப்பம், அதற்காக யாரையும் யாரும் தண்டிக்க முடியாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்றெல்லாம் முழங்கினேன். பங்குனியில் பக்கத்து ஊரில் பெரியம்மை கண்டபோது, அம்மை குத்திக்கொண்டால் உயிர் பிழைக்கலாம் என்று வகுப்பில் படம் போட்டு விளக்கினேன். குழந்தைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஒரே ஒரு தாயைத் தவிர.

அவர் கணவர் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் கூலிக்கு இருந்தார். வாரம் ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார். இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தார்கள். மூத்தவள் நான்காம் வகுப்பு. அந்தத் தாய் அப்போது நிறைமாத கர்ப்பிணி.

சர்க்கார் அனுப்பிய அம்மை குத்துபவர் வந்து சேர்ந்த நாள்தான் கெட்ட நாளாகிவிட்டது. முந்தின நாள்தான் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு அந்த ஊரில் சில கட்டுப்பாடுகள் உண்டு. வெளியூரார் தங்கக் கூடாது. ஊர் எல்லைக்குள் யார் உடம்பிலும் ரத்தம் வரக் கூடாது. நாவிதர்கூடக் கத்தியை எடுக்க மாட்டார். அம்மை குத்துபவர் பள்ளிக்கூட வாசலில் பெட்டியைத் திறந்ததும் தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. அந்தத் தாய் மட்டும் இரண்டு பிள்ளைகளையும் பட்டப்பகலில் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"பண்ணையில மாட்டுக்கே குத்தறாங்க, பொழைக்குதுன்னு அவரு சொல்வாரு. நம்ம புள்ளைங்களுக்குக் குத்துனா ஆவாதா? எனக்கும் அம்மன் சாமிதாங்க அய்யா. புள்ள பொழைச்சா கோச்சுக்கற சாமியா அது?" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் பாடம் ஒரு வீட்டிலாவது பலித்ததே என்று அவரைப் பாராட்டினேன்.

மறுநாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. அந்தக் குடும்பம் அம்மன் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்கும்வரை ஒதுக்கி வைப்பது என்று முடிவாயிற்று. சுற்றியுள்ள இரண்டு குக்கிராமங்களிலும் தமுக்கடித்து வாசிக்க வேண்டுமாம். அதற்கு ஒரு சீட்டு வேண்டும். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் நடந்தது ஊர்ப் பெரியவரின் கொட்டகையில். நான் குடியிருந்ததும் அவர் வீட்டுப் பின்கட்டில்.

"மேஷ்டரே, நீங்க ஒண்ணும் பேச வேணாம். நாங்க சொல்றத எழுதிக் குடுங்க, போதும்" என்றார் அவர்.

சரி, எழுதத்தானே சொல்கிறார்கள், முடிவு நம்முடையது இல்லையே என்று உட்கார்ந்தேன். அவர்கள் சொன்னது மூன்றே மூன்று. கிணற்றில் தண்ணீர் எடுக்க விடக் கூடாது, அடுப்புக்கு நெருப்புத் தரக் கூடாது, வேலைக்குக் கூப்பிடக் கூடாது. வெறும் மூன்று வரி எழுதிக் கொடுத்தால் வாத்தியார் எழுதினது போலவா இருக்கும்? பழைய ஊர்ச் சீட்டுகளின் நடை எனக்குத் தெரியும். அதே தோரணையில், "சலவை செய்வோர், சவரம் செய்வோர், மருத்துவச்சி உட்பட எவரும் அவ்வீட்டு வாசற்படி மிதிக்கலாகாது" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். வாசித்துக் காட்டியபோது, "அடடா, கோர்ட்டுக் காகிதம் மாதிரி இருக்குது" என்று யாரோ மெச்சினார்கள். உச்சி குளிர்ந்து போனது எனக்கு.

சீட்டு வாசித்த இரண்டாம் நாள் அந்தத் தாய் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். இடுப்பில் குடம். ஏரிப் பள்ளத்தில் தேங்கின தண்ணீரை அரை மைல் சுமந்து வந்திருக்கிறார். நான் கண்ணைப் பார்க்காமல், "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடம்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்றேன்.

"என்னன்னு கேக்கறதுங்க அய்யா? புள்ளைங்கள காப்பாத்துனது தப்புன்னா? குத்துங்கன்னு சொன்னதும் நீங்கதான். எங்கள ஒதுக்கி எழுதுனதும் நீங்கதான். இதுல எத நம்பறது?"

சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

நான்காம் நாள் உச்சிப் பொழுதில் அந்த வீட்டு மூத்த பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அம்மாவுக்கு வலி எடுத்து வெகு நேரம் ஆகிவிட்டது, மருத்துவச்சி வர மாட்டேன் என்கிறார் என்று அழுதாள். நான் மருத்துவச்சி வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

"காலையிலிருந்து மனசு கெடந்து தவிக்குதுங்க. ஆனா சீட்டுல என்னையத் தனியாச் சொல்லி வாசிச்சாங்களே. நான் போனா நாளைக்கு என் வூட்டுக்கும் அதே சீட்டுதானுங்களே?"

அது நான் சேர்த்தது, போங்கள் என்றேன். ஊர் வாசித்ததை ஊர்தான் மாற்ற வேண்டும் என்றார் அவர். அவர் சொன்னதில் தப்பில்லை. கோயிலுக்கு ஓடினேன். பந்தல் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர் நான் சொன்னதைக் கேட்டு அதிர்ந்து போனார்.

"மருத்துவச்சியா? தண்ணி, நெருப்பு, வேலைன்னுதானே நாங்க சொன்னோம்? பிரசவத்துக்குப் போவ வேணாம்னு எந்தப் பாவி சொன்னான்?"

எழுதியவன் நான், அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். நான் வாசித்தபோது அவரும் தலையாட்டித்தான் கேட்டார். ஆனால் அதைச் சொல்லி வாதாட அது நேரமில்லை. அவரே ஆள் அனுப்பி மருத்துவச்சியைப் போகச் சொன்னார்.

நான் அந்த வீட்டை அடைந்தபோது உள்ளே சத்தமே இல்லை. பிறகு மருத்துவச்சி வெளியே வந்தார். தாய் பிழைத்துவிட்டார். குழந்தை ஆண். கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் எடுத்திருப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டார். அந்த வீட்டில் தண்ணீர் இல்லை.

மத்திகிரியிலிருந்து கணவர் வந்தார். குழந்தையைப் புதைத்த மூன்றாம் நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, என்னை மன்னித்துவிடுங்கள் என்று அழுதேன். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் தாய்தான் பேசினார்.

"எங்கிட்ட அழுது என்னங்க ஆவப்போவுது? இவரு ஓசூருக்குப் போயி அதிகாரிகிட்ட மனு குடுக்கப் போறாரு. நீங்களும் போங்க. அந்த முத்து முத்தான எழுத்துல அங்க எழுதிக் குடுங்க."

போனேன். நடந்தது அத்தனையையும், நான் சேர்த்த வாக்கியம் உட்பட, என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணைக்கு ஆள் வந்தது; சீட்டு கிழிக்கப்பட்டது; கிணறு திறந்தது. ஆனால் திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாக அம்மையும் ஊருக்குள் வந்துவிட்டிருந்தது. என் வகுப்பில் நான்கு இடங்கள் காலியாயின. அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் ஒன்றுமில்லை. அம்மை குத்துபவர் மறுபடி வந்தபோது வரிசை நீண்டு நின்றது. ஊர்ப் பெரியவரும் பேரனைத் தூக்கிக்கொண்டு நின்றார். யாரையும் ஜெயித்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த மாதமே என்னை ஊத்தங்கரைப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தேன். குடியரசு தினப் பிரசங்கமும் அம்மைப் பாடமும் வருஷம் தவறாமல் நடத்தினேன். ஆனால் என் பேச்சை நம்பி யாராவது ஓரடி முன்னால் வைத்தால், பாராட்டிவிட்டுத் திரும்பிவிடாமல் அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்பதை அந்தப் பாடங்களைவிட முக்கியமாக நினைத்தேன். இன்றைக்கும் யாராவது, "சும்மா எழுதிக் குடுங்க, போதும்" என்றால் என் கை நின்றுவிடுகிறது. யாருமே சொல்லாத ஒரு வார்த்தையை, அழகாக இருக்கிறது என்பதற்காகச் சேர்த்தவன் நான்.