சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது

காலை எட்டு மணிக்கு என் மகள் கட்டிலில் படுத்தபடியே பள்ளிக்கூடம் போவாள். கொரோனா இரண்டாவது தடவையாகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டிய குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் தினமும் நடந்த அதிசயம் இது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வரும். மடிக்கணினியைத் திறக்கும். தாடி வைத்த வாத்தியார் ஒருவர் என் மகளின் படுக்கையறைக்குள் வந்து காலை வணக்கம் சொல்லுவார். அவரைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். முகம் என்று ஒன்றும் கிடையாது. என் மகள் ஆரணியும் அதில் ஒரு கறுப்புச் சதுரம். வந்த கை திரும்பவும் போர்வைக்குள் போய்விடும். வாத்தியார் அந்தக் கறுப்புச் சுவருக்கு வரலாறு படிப்பித்துக்கொண்டே இருப்பார். பாவம் மனுசன். தேநீரோடு வாசலில் நின்று பார்க்கிற எனக்கு அவர் மேல் இரக்கமும் இவள் மேல் கோபமும் ஒன்றாக வரும்.

நாங்கள் இருப்பது கிரின்ஸ்டெட்டில். டென்மார்க்கின் யூலாந்துப் பக்கம், சுற்றிவரத் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும் உள்ள சின்ன ஊர். பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கார் இல்லாதவர் கால் இல்லாதவர். இவர், அதுதான் என் கணவர், தொழிற்சாலையில் வேலை. நான் முதியோர் இல்லத்தில் வேலை. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் முகத்தை மூடிக்கொண்டு, கையுறை மேல் கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் கிடந்த முதியவர்களுக்குச் சோறு தீத்திவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் என் சொந்தப் பிள்ளை அதே மாதிரி அறைக்குள் கிடப்பாள். அவளுக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. பதினேழு வயது.

கிம்னேசியத்தில், அதாவது எங்கள் ஊர்க் கணக்குக்குப் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல் வகுப்பில், அவள் இரண்டாம் வருடம். ஒரு நாள் பொறுப்பாசிரியர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். வழக்கமான சுகம் விசாரிப்பு முடிந்ததும், "ஆரணி ட்ரீவஸ் ஆகிறாளா?" என்று கேட்டார். செடி துளிர்த்து வளர்வதற்கும் மனிதர் மனம் நிறைந்து இருப்பதற்கும் இந்த நாட்டில் அந்த ஒரே சொல்தான். நான் உடனே, கணிதத்தில் கொஞ்சம் பின்னுக்குத்தான், இனிமேல் கவனிப்போம், கண்டித்தும் வைப்போம் என்றேன். அவர் மெதுவாக, தான் புள்ளிகளைப் பற்றிக் கேட்கவில்லை என்றார். வாத்தியார் ஒருவர் அம்மாவுக்குப் போன் எடுத்துப் புள்ளிகளைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்? எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அதன் பிறகுதான் விசயத்தைச் சொன்னார். படிப்பை நிறுத்தப்போவதாக ஆரணி அவருக்கு எழுதியிருக்கிறாளாம். நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு திரும்ப வரலாம், பயப்படத் தேவையில்லை, ஆண்டு எங்கேயும் ஓடிவிடாது என்று ஆறுதலும் சொன்னார். ஆண்டு ஓடிவிடாதாம். நான் ஏ.எல் எடுக்க இருந்த வருடம் யாழ்ப்பாணத்தில் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள், பிறகு இடம்பெயர்ந்தோம், பிறகு கலியாணம், பிறகு விமானம். அந்த ஆண்டு எங்கே ஓடியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இந்த நல்ல மனுசனுக்கு அதை எந்த டேனிஷில் சொல்லுவேன்? "நன்றி, நன்றி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

இதை வாசிக்கிற ஊர்ச்சனத்துக்கு நான் அடுத்து என்ன செய்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. புலம்பெயர்ந்த தாய்மாருக்கும் தேவையில்லை, நீங்களும் அதைத்தானே செய்தீர்கள். மேசையை யன்னலடிக்கு மாற்றினேன். முகம் கழுவிவிட்டு உட்காரச் சொன்னேன். ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணையைக் கொண்டு வட்ஸ்அப்பில் ஒரு நீளமான புத்திமதி சொல்லுவித்தேன். கடைசியில் என் பெரிய ஆயுதத்தையும் எடுத்தேன். கரண்ட் இல்லாத யாழ்ப்பாணம், ஜாம் போத்தலில் சிக்கனமாக எரிந்த மண்ணெண்ணெய் விளக்கு, ஷெல் சத்தம், நாங்கள் படித்த படிப்பு. ஆரணி போர்வைக்குள்ளிருந்தே கேட்டாள். கேட்டுவிட்டு டேனிஷில், "ஓம் அம்மா. விளக்கு. சண்டை. எனக்குத் தெரியும். உங்களுக்கு அவ்வளவு கஷ்டத்திலும் ஏலுமா இருந்தது. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லாமல் ஏலாமல் இருக்கு. அது இன்னும் வெட்கம்" என்றாள்.

நான் குசினிக்குள் போய்விட்டேன். உற்சாகப்படுத்தவென்று போய்ப் பிள்ளையை இன்னும் ஒரு படி கீழே தள்ளிவிட்டு வந்திருந்தேன். இவரிடம் சொன்னால், "விடுமப்பா, பிள்ளையைப் போட்டுக் குடையாதையும்" என்றார். அந்த மனுசன் பிரச்சினை என்று வந்தால் காருக்கு எண்ணெய் பார்க்கப் போகிற ஆள். அன்றைக்கும் போனார்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் யோசித்தேன். அந்தக் காலத்தில் எனக்கு மட்டும் படிப்பில் அவ்வளவு ஆசையா? பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த அந்த மாதங்களில் நானும் பாயில் சுருண்டுதான் கிடந்தேன். பரீட்சை நடக்குமோ தெரியாது, யாருக்காகப் படிப்பது என்ற விசர் எனக்கும் இருந்தது. என்னை எழுப்பியது விளக்கு அல்ல, ஜெயந்தி. பக்கத்து ஒழுங்கையில் இருந்தவள். காலையில் படலையடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, நான் வெளியே வரும்வரை மணியை அடித்துக்கொண்டே நிற்பாள். அம்மா வெளியே போய், அவள் இன்னும் எழும்பேல்லைப் பிள்ளை என்பா. "எழும்பட்டும், நான் நிக்கிறன்" என்பாள். இரசாயனப் புத்தகம் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான் என்பதால் அவள் வராமல் இருக்கவும் வழியில்லை. வந்தால் எங்கள் குசினியில் புட்டும் தின்றுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பாள். இத்தனை வருடமாக மகளுக்கு விளக்கைப் பற்றிச் சொன்ன நான் ஜெயந்தியைப் பற்றி ஒரு நாளும் சொல்லவில்லை. இப்போது அவள் பாரிசில் பேரப்பிள்ளையோடு இருக்கிறாள்.

ஆரணிக்குப் படிப்புக் குழு ஒன்று இருந்தது. எமிலி, சோஃபுஸ், இவள். மூவரும் ஒருவரோடு ஒருவர் கதைத்து வாரக்கணக்கு என்று பிறகு தெரிந்தது. எனக்கு ஓய்வு நாள் வந்தது. விடியவே ஆட்டிறைச்சியும் கிழங்கும் வைத்து றோல்ஸ் சுட்டேன். எமிலி வீடு எங்கே என்று கேட்டேன். ஏன் என்றாள். போறம் என்றேன். ஆரணி கட்டிலில் எழும்பி உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் மத்தியானத்துக்கு முன் உட்கார்ந்தாள் என்று நினைக்கிறேன்.

அப்படிப் போக முடியாதாம். முதலில் சேதி அனுப்ப வேண்டுமாம். எமிலி அவளுடைய அம்மாவிடம் கேட்க வேண்டுமாம், அவர்களுக்குத் தோதான நாள் பார்க்க வேண்டுமாம். உண்மைதான். டென்மார்க்கில் ஒரு கோப்பி குடிக்கவும் நாட்காட்டியைத் திறந்து அடுத்த மாதத்தில் ஒரு நாள் தேடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஆகிவிட்டோம். கோல்டிங்கில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டுக்கும் நான் கேட்காமல் போவதில்லை. "நீ எழுதி, அவ யோசிச்சு, நாள் பாத்து முடிய, கொரோனா போயிடும் பிள்ளை. நான் போறன். நீ விரும்பினா வா" என்றேன். என்னைத் தடுப்பதற்காகவே அவள் காரில் ஏறினாள். எனக்கு அது போதும்.

எமிலி வீடு ஊருக்கு வெளியே பன்றிப் பண்ணை. இரண்டு பக்கமும் பனி ஒதுக்கிய ஒற்றைப் பாதை. ஆரணி காருக்குள் இருக்கையோடு இருக்கையாகச் சரிந்து, தலை வெளியே தெரியாதபடி கிடந்தாள். நான் றோல்ஸ் பெட்டியை வாசற்படியில் வைத்து, மணியை அடித்துவிட்டு, வேலையிடத்தில் பழகினபடி இரண்டு மீற்றர் பின்னுக்கு வந்து நின்றேன். கதவைத் திறந்த எமிலியின் அம்மா ஹன்னவின் முகம் என்னைக் கண்டதும் வெளுத்துப்போனது.

"ஏதும் நடந்துவிட்டதா?" என்றார்.

"இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாடு கொண்டுவந்தேன்."

"நாங்கள் ஏதும் ஒழுங்கு செய்திருந்தோமா? நான் மறந்துவிட்டேனா?"

இல்லை என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பண்ணை வாசலில் அதிகம் பழக்கமில்லாத ஒரு பெண் காரணமில்லாமல் வந்து நின்றால் செத்தவீடு சொல்லத்தான் வந்திருப்பாள் என்று அவர் நினைத்ததில் பிழையில்லை. என் மகள் எழும்புகிறாள் இல்லை, உங்கள் மகளைப் பார்த்தால் எழும்புவாள் என்று நினைத்து வந்தேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். என் டேனிஷில் எந்த இடத்தில் எதைப் போட்டேனோ தெரியாது. ஹன்ன கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே திரும்பி, "எமிலி!" என்று கூப்பிட்ட குரல் உடைந்திருந்தது.

எமிலி வந்தாள். இரவு உடுப்பு, அதற்குக் கீழே பன்றிக் கொட்டிலுக்குப் போகிற இறப்பர் சப்பாத்து, எண்ணெய் பிடித்த தலை. எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்த கோலமேதான். காரின் கதவு திறந்தது. ஆரணி இறங்கி, என்னைத் தாண்டிப் போய், பனிக்குள் நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீ படிக்கிறாய் என்று நினைத்தேன்," என்றாள் எமிலி. "எல்லாரும் படிக்கிறீர்கள், எனக்குத்தான் ஏலாமல் போச்சுதென்று."

ஆரணி அழுதாள். எமிலியும் அழுதாள். கட்டிப்பிடிக்கக்கூடாத காலம் என்பதால் இரண்டு மீற்றர் இடைவெளியில் நின்று அழுதார்கள். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, என் வயிற்றில் பால் வார்த்த மாதிரியும் இருந்தது. தாய்மார் நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். என்ன செய்வதென்று தெரியாத ஹன்ன பெட்டியைத் திறந்து ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தார். கண் கலங்கியது உறைப்பினாலும்தான். "ஸ்பெனென" என்றார். சுவாரசியமாக இருக்கிறது என்று பொருள். டேனிஷ்காரர் ஒரு சாப்பாட்டை அப்படிச் சொன்னால் இன்னொன்று வேண்டாம் என்றுதான் அர்த்தம். ஆனால் அந்த மனுசி இன்னொன்றையும் எடுத்துச் சாப்பிட்டார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வெளிக்கிடும்போது, அடுத்த முறை ஒரு சேதி மட்டும் போட்டுவிட்டு வா, வீட்டைக் கூட்டியாவது வைப்பேன் என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் ஊர் எல்லைச் சுற்றுவட்டம் வந்ததும் ஆரணி, மானம் போச்சு அம்மா என்றாள். சரி என்றேன். கொஞ்சத்தூரம் போனபின், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். அப்போதுதான் ஜெயந்தியைப் பற்றிச் சொன்னேன். நான் பாயில் சுருண்டு கிடந்ததையும், படிப்பு வெறுத்துப் போனதையும், படலையடி மணியையும் சொன்னேன். விளக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "நீங்களுமா?" என்றாள், தமிழில். பிறகு பின்னிருக்கையைப் பார்த்து, இன்னும் றோல்ஸ் இருக்கா, சோஃபுஸ் வீடு அடுத்த தெருவில்தான் என்றாள்.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டதென்று எழுதினால் பொய். அவள் பிறகும் சில காலைகளில் எழும்பவில்லை, கணிதத்தில் விட்டது விட்டதுதான். ஆனால் எட்டு மணி வகுப்புக்கு முன் மூவரும் ஒருவருக்கு ஒருவர் போன் எடுத்து, கமராவைத் திறந்து, சீப்பால் தலை இழுக்காத கோலத்தோடு பாண் தின்றார்கள். வாத்தியாரின் கறுப்புச் சுவரில் மூன்று யன்னல் திறந்தது. பிறகு வேறும் சிலர் திறந்தார்கள். படிப்பை நிறுத்துகிறேன் என்று எழுதியதை ஆரணி தானே திரும்பப் பெற்றுக்கொண்டாள். பொறுப்பாசிரியர் மறுபடி போன் எடுத்து ட்ரீவஸ் ஆகிறாளா என்று கேட்டபோது, "ஓம், இன்றைக்கு ஆகிறாள்" என்று சொன்னேன். இதை வாசிக்கும் தாய்தகப்பன்மாரே, வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கிற மேசையும் புத்திமதியும் இருக்கட்டும். அதுக்குத் துணையாக அதன் வயதில் இன்னொரு பிள்ளை வேண்டும். அதைத் தேடிக் கொடுப்பதில் கொஞ்சம் மானம் போனாலும் போகட்டும்.

பனி கரைந்த ஒரு சனிக்கிழமை. நான் வீட்டு நைற்றியோடு, தலைக்கு எண்ணெய் வைத்து, குசினித் தொட்டியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். சோஃபாவில் துவைத்த உடுப்பு மலை மாதிரிக் கிடந்தது. வெளியே சைக்கிள் மணி கேட்டது. நிற்கவில்லை, திரும்பத் திரும்ப அடித்தது. எதிர்வீட்டுக்காரர் திரையை விலக்கிப் பார்த்தார். எட்டிப் பார்த்தால் எங்கள் வேலியடியில் எமிலி. பண்ணையிலிருந்து அவ்வளவு தூரம் மிதித்து வந்து, கதவு மணி இருக்க, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு நின்றாள். அப்படியென்றால் ஆரணி அவளுக்கு ஜெயந்தியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

கடவுளறிய, எனக்கு முதலில் வந்தது சந்தோசமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா வருவது, ஒரு சேதி போட்டால் என்ன, மீன் மணக்குதே, வீடு கிடக்கிற கிடை என்றுதான் வந்தது. மீன் செதிள் ஒட்டிய ஒரு கையால் யன்னலைத் திறந்தேன், மற்றக் கையால் உடுப்பை அள்ளி அறைக்குள் எறிந்தேன், ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். "வா பிள்ளை, உள்ளுக்கு வா" என்று தமிழில் சொன்ன அதே வாய், அதே மூச்சில், முதலில் ஒரு சேதி போட்டிருக்கலாமே என்று சுத்த டேனிஷில் சொன்னது.

எமிலிக்கு விளங்கியது இரண்டாவது மட்டும்தான். முகம் சிவந்து, சைக்கிளைத் திருப்பப் பார்த்தாள். படிகளில் தடதடவென்று இறங்கி வந்த ஆரணி என்னைத் தாண்டி வேலியடிக்கு ஓடி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா முதல் சொன்னதுதான் உண்மை," என்றாள். "உள்ளே வரச் சொல்லுறா."